திருகோணமலை வெயிலுக்கு ஒரு மீன்தொட்டிக் கன்ட்ரோலர்

மீன்தொட்டிக் கன்ட்ரோலர் என்று தேடினால் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் ஹீட்டரைச் சுற்றியே இருக்கும். குளிர்நாட்டுக்கு அது சரி. திருகோணமலையில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை நிற்கும். விளக்கும் பம்பும் தங்கள் பங்குச் சூட்டைச் சேர்க்க, தொட்டித் தண்ணீர் 31ஐத் தாண்டிவிடும். இடையில் கரண்ட் போகும். வருடம் முழுக்க உப்புக் காற்று செம்பைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே இங்கே கட்டுகிற கன்ட்ரோலர் தண்ணீரைக் குளிர்த்த வேண்டும், ஆவியாகிப் போனதை நிரப்ப வேண்டும், தான் செத்துப்போனாலும் மீனைச் சாகவிடாமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இந்தப் பதிவில் வருகிற ஒவ்வொரு வயரும் அதை வைத்தே போகிறது.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 133 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர். கடல் தண்ணீர், உப்பு ஆயிரத்துக்கு 35. நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் உப்புக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உறைந்துபோனால் எது ஓட வேண்டும்?

தொட்டியில் உள்ள ஒவ்வொரு கருவியையும் பார்த்துக் கேளுங்கள்: கன்ட்ரோலர் இந்த நிமிடம் உறைந்து நின்றால் இது ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?

வடிகட்டிப் பம்ப் ஓட வேண்டும். அப்படியென்றால் அதைக் கன்ட்ரோலரோடு இணைக்கவே வேண்டாம், நேரே சுவர் சொக்கெட்டில் குத்திவிடுங்கள். தீனி போடும்போது பம்ப் தானாக நிற்பது அழகான வசதிதான். ஆனால் அந்த வசதிக்காக மீனின் மூச்சை ஒரு புரோகிராமின் கையில் கொடுக்கக் கூடாது. குளிர்த்தும் ஃபேனும் ஓட வேண்டும், ஏனென்றால் இங்கே சூடுதான் கொல்லும். மார்கழி மழை இரவில் ஃபேன் வீணாக ஓடினால் தண்ணீர் ஓரிரு பாகை கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். தண்ணீர் நிரப்பும் பம்ப் நிற்க வேண்டும். விளக்கும் நிற்கலாம், ஒரு நாள் இருட்டால் எதுவும் சாகாது. காற்றுப் பம்ப் கரண்ட் போகும்போது ஓட வேண்டும்.

இன்னொரு தீர்மானம் பாதுகாப்புக்காக. 230 வோல்ட் இந்தப் பெட்டியின் பவர் சப்ளைக்குள் மட்டும் நுழையட்டும், அதற்கு அப்பால் வரக் கூடாது. ஃபேன், நிரப்பும் பம்ப், விளக்கு எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவையாக வாங்குங்கள். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் 230 வோல்ட் ரிலே வைத்து வேலை செய்ய எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள். ஏர்த் வயர் இல்லாத பழைய வயரிங் என்றால் முதலில் அதைச் சரியான ஆளைக் கொண்டு திருத்துவித்த பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பொருட்கள்

12 வோல்ட் 5 அம்பியர் பவர் சப்ளை ஒன்று. 24 வாட் எல்ஈடி பட்டை 2 அம்பியர் எடுக்கும், 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு சேர்ந்து அரை அம்பியர், நிரப்பும் பம்ப் அரை அம்பியருக்குள், மற்றதெல்லாம் சில்லறை. மொத்தம் 3 அம்பியர்தான் வரும், ஆனால் மலிவான சப்ளையை அதன் முழு அளவுக்கு ஓட்டக் கூடாது.

மூளைக்கு ஈஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபையோடு வரும் ஒரு சிறு கணினி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க எல்எம்2596 மொட்யூல். இதை ஈஎஸ்பி32இல் இணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து 5.0க்குத் திருகிக்கொள்ளுங்கள். புதிதாக வரும் மொட்யூல் 5க்கு மேலே எங்கேயும் நிற்கலாம். அதன் திருகை எத்தனையோ சுற்றுச் சுற்றும்வரை வோல்ட் அசையாமலே இருக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 5 வோல்ட் பக்கம் 1000 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். வைஃபை எழும்பும் கணத்தில் ஈஎஸ்பி32 திடீரென்று பல நூறு மில்லிஅம்பியர் இழுக்கும். அப்போது வோல்ட் சரிந்தால் அது மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும், புரோகிராமில் பிழை என்று நினைத்து நீங்கள் மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 நீர்புகா சென்சர் இரண்டு. நேரத்துக்கு டிஎஸ்3231 மொட்யூல். ஐஆர்எல்இசட்44என் மொஸ்ஃபெட் இரண்டு; சிறு வோல்ட்டால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, அந்த வோல்ட்டை வாங்கும் கால்தான் கேட். 12 வோல்ட் கொயில் உள்ள ரிலே இரண்டு, தனி ரிலேயாக. ரிலேயை ஓட்ட 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று. 1என்4007 டயோட் நாலைந்து. மிதவைச் சுவிட்ச் இரண்டு. ரோலர் உள்ளே குழாயை நசுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் ஒன்று. பஸர் ஒன்று. ரெசிஸ்டர்கள்: 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 220 ஓம். சோல்டர், வயர், ஹீட் ஷ்ரிங்க், சாதாரண ரிலே எல்லாம் டிவி ரேடியோ திருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மொட்யூல்களைக் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதுதான் வழி. அதனால் எதையும் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் மூன்று. ஐஆர்எஃப்520 மொஸ்ஃபெட் மொட்யூல் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். ஈஎஸ்பி32 கொடுப்பது 3.3. பாதி திறந்த நிலையில் கொதிக்கும், விளக்கும் மங்கும். நீல நிற 5 வோல்ட் ரிலே மொட்யூலும் வேண்டாம். அதன் உள்ளீடு தாழ்ந்தால் இழுக்கும் வகை. ஈஎஸ்பி32 "உயர்" என்று கொடுக்கும் 3.3க்கும் மொட்யூலின் 5க்கும் இடையே 1.7 வோல்ட் மிஞ்சி நிற்பதால், சில மொட்யூல்களில் இழுத்த ரிலே விடாது. மூன்றாவது டிரான்சிஸ்டர். பிஎன்2222ஏ என்றும் பி2என்2222ஏ என்றும் இரண்டு வரும். எழுத்து கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, கால் வரிசை முற்றிலும் தலைகீழ். மல்டிமீட்டரின் டயோட் சோதனையில் பேஸ் எது என்று பார்த்தால் மட்டும் போதாது, இரண்டிலும் பேஸ் நடுவில்தான் இருக்கும். மீட்டரில் டிரான்சிஸ்டர் சோதனைத் துளை இருந்தால் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். பெருக்கம் அதிகமாகக் காட்டும் பக்கமே சரி.

ஃபேன்: ஏன் குளிர்கிறது, எவ்வளவு குளிரும்

ஃபேன் தண்ணீரை ஊதிக் குளிர்த்துவதில்லை, ஆவியாக்கிக் குளிர்த்துகிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,430 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். நம் 100 லிட்டரை 1 பாகை இறக்க 400 கிலோஜூல் அளவே போதும். அதாவது ஒரு லிட்டர் ஆவி, 6 பாகைக்கான வெப்பம். வெளிச்சூடு திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் அந்த 6 பாகையும் கைக்கு வராது, ஆனால் ஃபேன் எவ்வளவு பலமான ஆயுதம் என்பது இதில் தெரியும்.

அதற்கு ஓர் எல்லை உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த ஈரக்குமிழ் வெப்பநிலைதான், அதாவது ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுதான் அந்த எல்லை. அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் தண்ணீரை இறக்க முடியாது. நடைமுறையில் அதைவிட ஓரிரு பாகை மேலேயே நிற்கும். கச்சான் நாளில் 34 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 26க்குச் சற்றுக் கீழே. மழைக்கு முந்திய புழுக்கமான இரவில் 29 பாகை, ஈரப்பதன் 85 என்றால் ஈரக்குமிழ் 27க்குக் கிட்ட. உடம்பு எரியும் கச்சான் பகலில் ஃபேன் நன்றாக வேலை செய்யும். "இன்றைக்கு அவ்வளவு வெயில் இல்லையே" என்று நினைக்கும் புழுக்கமான இரவில்தான் அது திணறும். தொட்டி 28.5இல் நின்று இறங்கவில்லையென்றால் கன்ட்ரோலரில் பிழை தேடாதீர்கள். யன்னலைத் திறந்து ஈரக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஃபேனைத் தண்ணீர் மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே, மட்டத்தைத் தடவிக்கொண்டு போகும்படி சாய்வாகப் பூட்டுங்கள். உள்நோக்கி ஊதட்டும். வெளியே இழுக்கும்படி வைத்தால் உப்பு ஈரம் முழுவதும் ஃபேனின் மோட்டருக்குள்ளேயே போகும். தொட்டிக் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு நுளம்பு வலை போடுங்கள். மூடியிருந்தால் ஆவி போக வழியில்லை, வலையும் இல்லாவிட்டால் மீன் தாவும்.

வயரிங்: ஃபேனின் 12 வோல்ட்டை ரிலேயின் சாதாரணமாக மூடியிருக்கும் தொடுகை வழியே கொடுங்கள். ரிலே இழுக்காத வரை ஃபேன் ஓடும். ஈஎஸ்பி32இன் 26ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். கலெக்டரில் ரிலே கொயில். கொயிலுக்குக் குறுக்கே 1என்4007, கோடு போட்ட பக்கம் 12 வோல்ட்டில். 12 வோல்ட் ரிலேயின் கொயில் 30 மில்லிஅம்பியர்தான் எடுக்கும், டிரான்சிஸ்டருக்கு அது ஒன்றுமில்லை. இனி கன்ட்ரோலரின் வேலை ஃபேனைப் போடுவதல்ல, "இப்போது வேண்டாம்" என்று நிறுத்திப் பிடிப்பது. ஈஎஸ்பி32 கருகினாலும், வயர் கழன்றாலும், டிரான்சிஸ்டர் திறந்து போனாலும் ஃபேன் சுழலும்.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சம். ஃபேனை நிறுத்திப் பிடித்திருக்கும் கணத்தில் புரோகிராம் உறைந்தால் பின் உயர்ந்தபடியே நின்றுவிடும், ஃபேன் திரும்ப ஓடாது. அதற்காகத்தான் வாட்ச்டொக். 10 விநாடிக்குள் புரோகிராம் "நான் இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்யும், பின் விடுபடும், ஃபேன் ஓடும். வாட்ச்டொக்கை இயக்காமல் விட்ட கன்ட்ரோலரை நான் முடிந்த வேலையாகக் கணக்கெடுப்பதில்லை.

போடும் அளவு 28.0, நிறுத்தும் அளவு 27.4. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ரிலே நிமிடத்துக்கு நாலு தடவை தட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை ஓடத் தொடங்கினால் குறைந்தது 5 நிமிடம் ஓடட்டும்.

சென்சர் சொல்லும் பொய்கள்

டிஎஸ்18பி20இன் தகவல் வயர் 4ஆம் பின்னில். அந்த வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம். இரண்டு சென்சரையும் ஒரே வயரில் போடலாம், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. நிறத்தை நம்பி வயரை இணைக்காதீர்கள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்பது வழக்கமே தவிர விதியல்ல. தலைகீழாக மின் கொடுத்தால் சென்சர் விரலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும்.

இந்த சென்சருக்கு இரண்டு பொய் தெரியும். 85 என்று வந்தால், அளக்காமல் விழித்தெழுந்த நிலையிலேயே பதில் சொல்கிறது. மின் தளர்ந்து தளர்ந்து வருகிறது என்று பொருள். -127 என்று வந்தால் சென்சரே கிடைக்கவில்லை என்று லைப்ரரி சொல்கிறது. இந்த இரண்டையும் வடிகட்டாமல் விட்டால் ஹீட்டர் வைத்திருக்கும் நாட்டில் தொட்டி அவிந்துவிடும். 10 விநாடிக்கு ஒரு தடவை அளந்து, கடைசி ஐந்து அளவுகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். இரண்டு சென்சருக்கும் இடையே 1 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் பஸர் ஒலிக்கட்டும். 5 நிமிடம் சரியான அளவே இல்லையென்றால் பின்னை விட்டுவிடுங்கள், ஃபேன் தானாக ஓடும். 12 பிட் அளவுக்கு 750 மில்லிவிநாடி எடுக்கும். அந்த நேரம் முழுக்கப் புரோகிராமை நிறுத்தி வைக்காமல், அளக்கச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்து, பிறகு வந்து வாசிக்கும்படி எழுதுங்கள்.

துருப்பிடிக்காத உறை என்று விற்பார்கள். கடல் தண்ணீரில் அது பிடிக்கும். வயர் நுழையும் கழுத்தில் முதலில் பழுப்புப் புள்ளி வரும், பிறகு தண்ணீர் உள்ளே போகும். உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை உறை முழுவதையும் மூடி, நுனியில் 1 சென்டிமீட்டர் மிஞ்சும்படி போட்டுச் சூடாக்கி, சூடு ஆறுமுன் அந்த நுனியைக் குறட்டால் நசுக்குங்கள். மேலே தொட்டிச் சிலிக்கோன் ஒரு பூச்சு. வினாகிரி மணக்கும் சிலிக்கோன் தண்ணீருக்குள் நல்லது, ஆனால் செம்பை அரிக்கும். அதைச் சோல்டர் இணைப்பிலோ போர்டிலோ பூசாதீர்கள்.

அளவு சரிபார்க்க நொறுக்கிய ஐஸை ஃப்ளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் சென்சரை விட்டுப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.5 வரை விலகல் இயல்பு. எவ்வளவு என்று குறித்துப் புரோகிராமில் கழித்துவிடுங்கள்.

தண்ணீர் நிரப்புதல்

எல்லாவற்றிலும் ஆபத்தான பகுதி இதுதான். ஃபேன் பிழைத்தால் மெதுவாகத்தான் கெடுக்கும், இது பிழைத்தால் வீட்டுத் தரையில் தண்ணீர், தொட்டியில் உப்பு இல்லை.

நம் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 3.5 லிட்டர் போயிருக்கும். கண்ணாடியில் ஒரு டேப் துண்டு ஒட்டி, 24 மணிநேரம் நிரப்பாமல் விட்டு அளந்து பாருங்கள். ஃபேன் ஓடும் தொட்டியில் 6 மில்லிமீட்டர், அதாவது 2 லிட்டர் இறங்குவது சாதாரணம். போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். 2 லிட்டர் போனால் 35 என்பது 35.7 ஆகும், மூன்று நாள் கவனிக்காமல் 6 லிட்டர் போனால் 37.2.

நிரப்பும் தண்ணீரை 5 லிட்டர் கேனில் வையுங்கள், அதற்கு மேலே வேண்டாம். எல்லாப் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் தோற்று முழுக் கேனும் தொட்டிக்குள் போனாலும் உப்பு 33.3க்கு இறங்கும், மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். விளிம்புக்குக் கீழே 3 சென்டிமீட்டர் விட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. இருபது லிட்டர் வாளி வைத்தால் வாரக்கணக்கில் பார்க்கத் தேவையில்லைதான்; அந்த வசதியின் விலை முழுத் தொட்டியாக இருக்கலாம்.

பெரிஸ்டால்டிக் பம்பைச் சொன்னதற்குக் காரணம், நின்றிருக்கும்போதும் அதன் ரோலர் குழாயை நசுக்கிப் பிடித்திருக்கும், தண்ணீர் தானாக இழுத்து ஓடாது. மூழ்கு பம்ப் போட்டால் குழாயின் வாய் தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும், கேன் தொட்டி மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் ஒரு பக்கம் மறுபக்கத்துக்கு வடிந்துகொண்டே இருக்கும்.

கீழ் மிதவை 32ஆம் பின்னில், உள் புல்-அப்போடு, அதாவது சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை உயர்ந்த நிலையில் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டரோடு. 34, 35, 36, 39 ஆகிய பின்களில் உள் புல்-அப் கிடையாது, அதில் போட்டால் மிதவை காற்றில் பேய்போல ஆடும். மேல் மிதவையைப் பின்னில் கொடுக்காதீர்கள். அதை மொஸ்ஃபெட்டின் கேட் வயரிலேயே இடையில் போடுங்கள்: 27ஆம் பின், 220 ஓம், மேல் மிதவை, பிறகு கேட், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபரட்டும். மட்டம் எல்லை மீறி மேல் மிதவை எழும்பினால் வயர் அறுந்ததற்குச் சமம். கேட் கிரவுண்டுக்கு விழும், பம்ப் நிற்கும். புரோகிராம் என்ன கத்தினாலும் கேட்காது. மிதவை எழும்பும்போது திறக்கிறதா மூடுகிறதா என்பது மிதவையை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள கிளிப்பைக் கழற்றி மிதவையைத் திருப்பிப் போட்டால் மாறும். அந்தச் சுவிட்சைப் பம்பின் 12 வோல்ட் வயரில் நேரே போடும் ஆட்கள் உண்டு. மோட்டர் தொடங்கும் இழுப்பில் உள்ளே இருக்கும் மெல்லிய ரீட் ஒட்டிப்போகும், பிறகு பாதுகாப்பு என்பது பெயருக்குத்தான்.

புரோகிராமில் மூன்று பூட்டு. கீழ் மிதவை தொடர்ந்து 10 விநாடி தாழ்ந்திருந்தால்தான் பம்ப் தொடங்கட்டும், அலையில் ஆடுவதை நம்ப வேண்டாம். ஒரு தடவையில் 5 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. பிறகு அரை மணிநேரம் ஓய்வு. பம்ப் நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டர் தள்ளினால் அது 450 மில்லிலிட்டர். உங்கள் பம்பை அளவுக் கோப்பை வைத்து அளந்து எண்ணைப் போடுங்கள். ஒரு நாளைக்கு 3 லிட்டரைத் தாண்டினால் முற்றாக நின்று பஸர் ஒலிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பூட்டுத்தான் கசிவைப் பிடிக்கும். வடிகட்டியின் இணைப்பில் கடல் தண்ணீர் கசிந்தால் மிதவைக்கு மட்டம் இறங்குவது மட்டும்தான் தெரியும், அது நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். மிதவை மட்டத்தைக் காக்கும், உப்பைக் காக்காது. வாரம் ஒரு தடவை உப்பளக்கும் ரிஃப்ரக்டோமீட்டரில் பாருங்கள்.

தண்ணீர் மாற்றும்போது நிரப்பலை நிறுத்த ஒரு பொத்தான் வையுங்கள், ஆனால் அது 30 நிமிடத்தில் தானாக விடுபட வேண்டும். மறந்துபோவது மனித இயல்பு.

எந்தத் தண்ணீர்? கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு. அதை ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் உப்பைச் சேர்க்கிறீர்கள். ஆர்ஓ தண்ணீர் நல்லது. கடல் தண்ணீர் அள்ளுபவர்கள் மாரி காலத்தில் கொட்டியாரக் குடாவைத் தவிருங்கள். மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது, வெள்ளம் வந்தால் மேல் தண்ணீர் நீர்த்தும் கலங்கியும் இருக்கும். புறாமலைப் பக்கமிருந்து பவளமோ கல்லோ எடுக்கவே கூடாது, அது தேசியப் பூங்கா.

விளக்கும் நேரமும்

விளக்கு 25ஆம் பின், மற்ற மொஸ்ஃபெட், 1 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம், அதாவது வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை. கேட்டுக்கு 10 கிலோ ஓம் கீழ்நோக்கி. ஐஆர்எல்இசட்44என்னுக்கு 3.3 வோல்ட் தாராளமல்ல, 2 அம்பியருக்குப் போதும். அரை மணிநேரம் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள், வைக்க முடியாத சூடு என்றால் போலிச் சரக்கு அல்லது தவறான இணைப்பு. மாலை 3 மணிக்கு ஏற்றி இரவு 11க்கு அணைத்தால் விளக்கின் சூடு நண்பகல் வெயிலோடு சேராது. தண்ணீர் 30ஐத் தாண்டினால் பாதி வெளிச்சத்துக்கு இறங்கட்டும்.

கரண்ட் வந்தவுடன் ரவுட்டரும் இணையமும் உடனே வராது. அதனால் நேரத்துக்கு டிஎஸ்3231 அவசியம். பல மொட்யூல்களில் பட்டரியைச் சார்ஜ் செய்யும் சிறு சுற்று உண்டு. அதில் சாதாரண சிஆர்2032 போட்டால் சார்ஜ் ஏற்றக் கூடாத பட்டரியைச் சார்ஜ் ஏற்றி ஊதவைக்கும். சார்ஜ் பாதையில் உள்ள 200 ஓம் ரெசிஸ்டரைச் சோல்டர் ஐயனால் எடுத்துவிடுங்கள்.

பிஎச் சென்சரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பார்க்க வைக்கலாம், அதை நம்பி எதையும் இயக்க வேண்டாம். மலிவான புரோப் மாதங்களில் நகர்ந்துவிடும், பம்பிலிருந்து கசியும் சிறு மின்னோட்டமே அளவைக் குழப்பும்.

கரண்ட் போகும்போது

இதற்குப் புரோகிராமே வேண்டாம். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பட்டரி, 12 வோல்ட் 3 வாட் காற்றுப் பம்ப், மற்ற ரிலே. ரிலேயின் கொயிலைப் பவர் சப்ளையின் 12 வோல்ட்டில் நேரே இணைத்து, பட்டரியைச் சாதாரணமாக மூடியிருக்கும் தொடுகை வழியே காற்றுப் பம்புக்குக் கொடுங்கள். கரண்ட் இருக்கும்வரை கொயில் இழுத்திருக்கும். போனதும் விடும், பம்ப் ஓடும். பம்ப் 0.25 அம்பியர்தான் எடுக்கும், பட்டரியின் பாதியை மட்டும் செலவழித்தாலும் 14 மணிநேரம். பட்டரியின் முனையிலேயே 2 அம்பியர் ஃபியூஸ். பட்டரியை 12 வோல்ட் சப்ளையிலிருந்து சார்ஜ் செய்யப் பார்க்காதீர்கள், நிரம்பாது, 13.6 முதல் 13.8 வோல்ட் வரை தரும் தனி சார்ஜர் வேண்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், இல்லாவிட்டால் குழாய் வழியே தண்ணீர் திரும்பி வரும்.

உப்புக் காற்று

சோல்டர் இல்லாமல் வயரைக் குத்தி இணைக்கும் பிரெட்போர்டில் எல்லாம் ஓடியவுடன் அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடிவிடத் தோன்றும். கடலுக்குப் பக்கத்தில் அது சில மாதம்தான். சென்சர் காலையில் -127 காட்டும், தொட்டவுடன் சரியாகும், மாலையில் மறுபடியும். பிரெட்போர்டில் குத்தியிருக்கும் ஜம்பர் வயரின் முனையை இழுத்துப் பாருங்கள்: பித்தளைப் பின்னில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி, விரலில் மாவு போல ஒட்டும். உள்ளே ஸ்பிரிங் இருந்த இடத்தில் களிம்பு. தொட்டால் சரியாவது, தொடும்போது அந்தக் களிம்பு உரசி ஒரு கணம் உலோகம் தெரிவதால்தான்.

ஆகவே டொட் போர்டில் சோல்டர் செய்யுங்கள். வெளியே போகும் வயர்களுக்குத் திருகு டெர்மினல். சோல்டர் முடிந்ததும் ஃப்ளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். மிஞ்சிய ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுக்கும். காய்ந்த பின் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே இரண்டு பூச்சு. கிடைக்காவிட்டால் நிறமில்லாத நெயில் பொலிஷ். டெர்மினல், யூஎஸ்பி வாய், பட்டரிக் கூடு, ஈஎஸ்பி32இன் அன்டெனா ஆகிய நான்கையும் டேப்பால் மூடிவிட்டுப் பூசுங்கள்.

பெட்டி ரப்பர் வளையம் உள்ளதாக இருக்கட்டும், வயர் நுழையும் துளைகளுக்கு, வயரை இறுக்கிப் பிடித்து அடைக்கும் கிளாண்ட். எறும்பும் பல்லியும் சூடான இருட்டைத் தேடி வரும். 230 வோல்ட் டெர்மினலில் ஒரு பல்லி போதும். பெட்டி தொட்டிக்கு மேலேயும் வேண்டாம், கீழ் அலுமாரிக்குள்ளும் வேண்டாம். பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே. ஒவ்வொரு வயரும் பெட்டிக்குள் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர் வழியே வரும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும்.

மீனுள்ள தொட்டியில் பூட்டுமுன் ஒரு வாரம் வாளியில் ஓட்டுங்கள். சென்சரைப் பிடுங்குங்கள், ஃபேன் ஓட வேண்டும். பம்ப் ஓடும்போது ரீசெட்டை அழுத்துங்கள், பம்ப் நிற்க வேண்டும். மேல் மிதவையைக் கையால் தூக்குங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், காற்றுக் குமிழி வர வேண்டும். வாட்ச்டொக்கைச் சோதிக்க, ஒரு பொத்தானை அழுத்தினால் புரோகிராம் முடிவில்லாத வளையத்தில் சிக்கும்படி வேண்டுமென்றே எழுதிப் பாருங்கள்.

பிறகு மாதம் ஒரு தடவை மிதவைகளை வினாகிரியில் 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். சிறு நத்தையும் உப்புக் கட்டியும் மிதவையை மேலேயே பிடித்து வைத்துவிடும். இன்னொரு ஈஎஸ்பி32இல் அதே புரோகிராமை ஏற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய போத்தலில் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழுதாகும் நாள் வெள்ளிக்கிழமை இரவாக இருந்தால், கூரியர் வர செவ்வாயாகும்.